கலைப்புல ஆய்வாளருக்கு ஆய்வுமுறைப் பயிற்சி: முதல் ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை

“இவ்வாய்வில் விளக்கமுறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகியன பின்பற்றப்பட்டுள்ளன.” தமிழ் ஆய்வேடுகளின் முன்னுரையில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. எதை எதோடு ஒப்பிட்டார், எத்தனை பக்கம் பார்த்தார், எதைப் பார்க்காமல் விட்டார் என்ற எந்தக் கேள்விக்கும் இதில் விடை கிடையாது. ஆய்வுமுறை என்றால் கடைசி மாதத்தில் எழுதிச் சேர்க்கும் ஓர் இயல் என்று நினைப்பதால் வரும் வினை இது.

இலக்கியம், வரலாறு, மொழியியல், மெய்யியல், நாட்டார் வழக்காற்றியல் என்று எந்தத் துறையானாலும் ஆய்வுமுறைக்கு ஒரே சோதனைதான். உங்கள் ஆய்வேட்டின் எந்த வரியைத் தொட்டாலும், அது எந்தச் சான்றிலிருந்து எப்படி வந்தது என்பதை இன்னொருவர் உங்கள் உதவி இல்லாமல் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க முடிய வேண்டும். அதற்கான பழக்கங்களை, ஆய்வுக்குப் பதிவுசெய்த முதல் ஆறு மாதத்தில் கைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆய்வுமுறை நூல்களைப் படித்து மட்டும் இவை வராது. உங்கள் சொந்தத் தரவில் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, கீழே உள்ளவற்றை அதில் செய்து பாருங்கள்.

1. தலைப்பை வினாவாக்குங்கள், பிறகு கணக்குப் போடுங்கள்

“வார இதழ்களில் பெண் கல்வி” என்பது தலைப்பு. “பெண் கல்வியை ஆதரித்த இதழ்கள், படித்த பெண்ணின் வேலையையும் ஆதரித்தனவா?” என்பது வினா. வித்தியாசம் இதுதான்: வினாவுக்கு ‘இல்லை’ என்றும் விடை வரலாம். எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால் உங்களிடம் இருப்பது இன்னும் தலைப்புதான்.

வினா கிடைத்ததும் ஒரே ஒரு பக்கத்தில் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: வினா, தரவு எது, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதை ஏன் விலக்கினீர்கள். ‘எவ்வளவு’ என்பதைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு வார இதழ், 20 ஆண்டு என்றால் 1,040 இதழ்கள். ஓர் இதழைப் புரட்டிக் குறிப்பெடுக்க 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 693 மணி நேரம். நாளுக்கு 5 மணி நேரம் உட்கார்ந்தால் 139 வேலை நாள். ஒரே பத்திரிகைக்கு இவ்வளவு என்றால், திட்ட வரைவில் ‘ஐந்து பத்திரிகைகள்’ என்று எழுதியவர் என்ன செய்வார்? கடைசியில் கிடைத்ததை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பார்த்ததுபோல எழுதுவார்.

முழுவதும் பார்க்க முடியாதபோது மாதிரி எடுப்பதில் தவறில்லை. எடுக்கும் விதத்தில்தான் கண்ணி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் இதழை எடுத்தால், 20 ஆண்டுக்கும் புத்தாண்டுச் சிறப்பிதழ்தான் கையில் இருக்கும். வார இதழில் ஏழு இதழுக்கு ஒன்று என்று எடுத்தால் ஆண்டின் வெவ்வேறு வாரங்கள் மாறி மாறி வரும். 1,040 இதழ் 148 ஆகக் குறையும், 20 நாளில் வேலை முடியும். ஆனால் அதே ‘ஏழுக்கு ஒன்று’ முறையை நாளிதழில் வைத்தால் எல்லாமே ஒரே கிழமையாக விழும். ஞாயிறில் தொடங்கினால், ஞாயிறு இணைப்பை மட்டுமே படித்துவிட்டு நாளிதழின் போக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். நாளிதழுக்கு எட்டு அல்லது ஒன்பது நாள் இடைவெளி வையுங்கள். எந்த இடைவெளி, எந்த இதழில் தொடங்கினீர்கள், இடையில் கிடைக்காத இதழ்கள் எவை என்பதை அன்றைக்கே குறித்துவையுங்கள்.

2. தேடியதற்கும் கணக்கு வையுங்கள்

முன்னாய்வுகளைத் தேடும்போது ஒரு தேடல் ஏடு வேண்டும். நாள், எந்த அட்டவணை அல்லது தளம், என்ன சொல் இட்டீர்கள், எத்தனை முடிவு வந்தது, எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஐந்து கட்டம் போதும். ஒன்றும் கிடைக்காத தேடலையும் எழுதுங்கள். “இப்பொருளில் முன்னாய்வு இல்லை” என்று ஒருநாள் எழுதப் போகிறீர்கள். அன்று அந்த வரிக்குச் சான்று இந்த ஏடுதான்.

புதிதாக வெளிவந்த ஒரு நல்ல கட்டுரையிலிருந்து தொடங்கி, அதன் அடிக்குறிப்பு வழியே பின்னோக்கிப் போங்கள். பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் வழியே முன்னோக்கி வாருங்கள். இரண்டு திசையிலும் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் ஓரளவு எல்லையைத் தொட்டுவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில் பதிந்த அட்டவணைகளில் ஒரே பெயர் பல வேடத்தில் இருக்கும். சகரம் ஓரிடத்தில் ‘சி’, இன்னோரிடத்தில் ‘எஸ்’, வேறோரிடத்தில் ‘சி எச்’. ழகரம் சில இடங்களில் ‘இசட் எச்’, சில இடங்களில் அடிக்கோடிட்ட ‘எல்’. ஒவ்வொரு பெயருக்கும் மூன்று நான்கு வடிவங்களை எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

எண்மமாக்கிய நூல்களில் சொல் தேடலை அப்படியே நம்பிவிடாதீர்கள். பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிச் செயலிகள் (ஓ.சி.ஆர்.) பழைய அச்சில் தடுமாறும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்களில் தடுமாற்றம் கூடுதல். சந்தியும் வேற்றுமையும் வேறு இருக்கின்றன: ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’ சிக்காது. அடிச்சொல்லை வெட்டி ‘மர’ என்று தேடினால் ‘மரபு’ எல்லாம் வந்து குவியும். எனவே முதலில் 20 பக்கத்தைக் கண்ணால் படித்து, சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அதே 20 பக்கத்தில் தேடிப் பாருங்கள். கண்ணுக்கு 25, தேடலுக்கு 17 என்றால், அந்தத் தேடல் ஏறத்தாழ மூன்றில் ஒன்றைத் தவற விடுகிறது. இந்த எண்ணை ஆய்வேட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். “இச்சொல் இந்நூலில் இல்லை” என்று எழுதும் துணிவும் அதற்கேற்பக் குறையும்.

3. குறிப்பெடுத்தல்: மூன்று குரல்கள்

ஒரு குறிப்பில் மூன்று குரல்கள் கலந்திருக்கும்: நூலாசிரியரின் சொற்கள், அவர் சொன்னதன் சுருக்கம் உங்கள் சொற்களில், உங்கள் சொந்த எண்ணம். இவற்றைப் பிரித்து எழுதாததுதான் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு பலர்மேல் வந்து விழும் வழி. திருடும் எண்ணமே இல்லாதவர்கூட, ஓராண்டு கழித்து நோட்டைப் புரட்டும்போது ஒரு நல்ல வரியைத் தன்னுடையது என்று நினைத்துவிடுவார். மேற்கோளுக்கு எப்போதும் மேற்கோள்குறி, சுருக்கத்துக்கு முன் ‘சு’, சொந்த எண்ணத்துக்கு முன் ‘நான்’ என்று அடையாளம் இடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வேறு கோப்புக்கு நகலெடுக்கும்போது நிறம் போய்விடும், எழுத்து போகாது.

ஒவ்வொரு குறிப்பிலும் பதிப்பாண்டு, எத்தனையாவது பதிப்பு, பக்க எண் மூன்றும் இருக்க வேண்டும். மேற்கோள் இரண்டு பக்கத்தில் பரவியிருந்தால் பக்கம் மாறும் இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள். பின்னால் அதில் பாதியை மட்டும் பயன்படுத்தும்போது எந்தப் பக்கம் என்று மறுபடி நூலகத்துக்கு ஓட வேண்டியிருக்காது.

செருமானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 குறிப்பு அட்டைகள் வைத்திருந்ததைச் சொல்லிப் பலரும் புதியவர்களை மிரட்டுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வோர் அட்டைக்கும் மாறாத ஓர் எண் கொடுத்து, ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டையைச் சுட்டினார் என்பதுதான் அதில் கற்க வேண்டியது. இதற்கு நோட்டுப் புத்தகமே போதும். புதுப்புதுச் செயலி மாற்றுவதில் மாதங்களைக் கரைப்பவர்கள் உண்டு. அதைக் கொஞ்சம் கௌரவமான சோம்பல் என்றே சொல்ல வேண்டும்.

4. சான்றை விசாரியுங்கள்

யார் எழுதியது, எப்போது, யாருக்கு, எதற்காக, நம் கைக்கு எப்படி வந்தது. இந்த ஐந்து கேள்வியையும் ஒவ்வொரு சான்றிடமும் கேளுங்கள். நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் போப்பாண்டவருக்கு நிலமும் அதிகாரமும் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் போலி என்று 1440இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா நிறுவினார். அதன் இலத்தீன் அந்தக் காலத்து மொழி அல்ல என்பது அவருடைய வலுவான வாதங்களுள் ஒன்று. ரோம அதிகாரிகளைக் குறிக்க, பாரசீக ஆளுநரைச் சுட்டும் ‘சத்ரப்’ என்ற சொல் அங்கே எப்படி வந்தது என்று கேட்டார். ஒரு சொல்லின் வயதைப் பார்ப்பது இன்றைக்கும் பயன்படும் கருவி.

நூல்களோடு வேலை செய்பவர்கள் ஒரு பயிற்சியைத் தவறாமல் செய்ய வேண்டும். ஒரே பகுதியை, 30 வரி போதும், மூன்று பதிப்புகளில் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடுகளை எழுத்து, சந்திபிரிப்பு, சொல், விடுபாடு என்று நான்காகப் பிரியுங்கள். இரண்டு பதிப்புகள் சரியான பாடத்தில் (சொல்வடிவத்தில்) ஒத்துப்போவதால் ஒன்றும் தெரியாது. ஒரே பிழையில் ஒத்துப்போனால்தான், ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்திருக்கலாம் அல்லது இரண்டுக்கும் ஒரே மூலம் இருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு. அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால் இடையில் உள்ளது காணாமல் போவது வழக்கம். படியெடுத்தவரின் கண் முதல் சொல்லிலிருந்து இரண்டாவதற்குத் தாவியிருக்கும்.

ஓலைச்சுவடியிலிருந்து வந்த நூல் என்றால் கூடுதல் கவனம். சுவடியில் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி இருக்கும். ரகரமும் கால் எழுத்தும் ஒரே வடிவம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இருக்காது. அதனால் அச்சுப் பதிப்பில் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு சொல் பிரிப்பும் பதிப்பாசிரியர் எடுத்த முடிவு. அந்த முடிவின்மேல் ஓர் இயலையே கட்டுவதற்கு முன், அடியில் கொடுத்திருக்கும் பாடபேதத்தை, அதாவது பிற சுவடிகளில் உள்ள மாற்று வடிவத்தை, பாருங்கள்.

ஆண்டுகளை மாற்றுவதில் ஏற்படும் பிழை சிறியதாகத் தெரியும், ஆனால் வாதத்தையே கவிழ்த்துவிடும். சக ஆண்டோடு 78 கூட்டினால் பொது ஆண்டு (கி.பி.). ஜனவரி முதல் சக ஆண்டு பிறப்பு வரை உள்ள மாதங்களுக்கு 79. குறித்திருப்பது கழிந்த (முடிந்துபோன) ஆண்டா, நடப்பு (ஓடிக்கொண்டிருக்கும்) ஆண்டா என்பதில் மேலும் ஓர் ஆண்டு இடிக்கும். கேரளத்தின் கொல்லம் ஆண்டுக்கு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ‘பிரபவ’ என்று பெயர் மட்டும் இருந்தால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் எது என்று வேறு சான்றால்தான் முடிவுசெய்ய வேண்டும். ஐரோப்பிய ஆவணங்களிலும் பொறி உண்டு: இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது, ஆகவே அங்கே ‘1690 பிப்ரவரி’ என்று எழுதியது நம் கணக்கில் 1691. மூலத்தில் இருந்த நாளை அப்படியே எழுதி, மாற்றிய நாளைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். மூலத்தை அழித்துவிட்டு மாற்றியதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

5. ஆவணக்காப்பகத்தில்

போவதற்கு முன் அட்டவணையைப் பார்த்து, கேட்கப் போகும் ஆவணக் கட்டுகளின் எண்களை முன்னுரிமைப்படி பட்டியலிடுங்கள். அனுமதிக் கடிதம், படமெடுக்கும் விதி, ஒரு நாளில் எத்தனை கட்டு தருவார்கள் என்பதை எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே பென்சில் மட்டும். படமெடுக்க அனுமதி இருந்தாலும் பிளாஷ் வேண்டாம்.

ஒவ்வொரு கட்டிலும் முதல் படம் அதன் எண் எழுதிய சீட்டாக இருக்கட்டும். கடைசிப் படமும் அதுவே. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். முத்திரையும் வேறு கையெழுத்தில் உள்ள சிறு குறிப்பும் பின்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்தால் தாளின் அளவும் பதிவாகிவிடும்.

நாள் முழுக்கப் படமெடுத்துக்கொண்டே இருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இரண்டு வாரத்தில் 4,000 படம் சேரும். ஆறு மாதம் கழித்து எது எந்தக் கட்டு என்றே தெரியாது. காலையில் எடுத்ததை மாலைக்குள் பெயரிட்டு, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு வரி விவரம் எழுதிவிடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டு, மாதம், நாள், காப்பகச் சுருக்கம், கட்டு எண், பக்கம் இதே வரிசையில் வரட்டும். பக்க எண்ணை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் இடுங்கள். 1, 2 என்று இட்டால் பல கருவிகள் 10ஐ 2க்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும்.

காப்பகத்தில் இல்லாததையும் கவனியுங்கள். ஆட்சி நடத்தியவர்கள் எதைக் காக்க நினைத்தார்களோ அதுதான் பெரும்பாலும் அங்கே இருக்கிறது. வரி கட்டியவர் பெயர் இருக்கும், அந்த வயலில் நாற்று நட்டவர் பெயர் இருக்காது. “ஆவணங்களில் குறிப்பு இல்லை” என்பதும் “நடக்கவில்லை” என்பதும் ஒன்றல்ல.

எல்லாவற்றையும் மூன்று படியாக வையுங்கள்: இரண்டு வெவ்வேறு ஊடகத்தில், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை அந்தப் படியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத படியை நம்ப முடியாது.

6. நேர்காணல்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை என்றால், முதல் நேர்காணலுக்கு முன்பே வாங்க வேண்டும். பின்னால் வாங்கினால் முன்னர் எடுத்தவை பயன்படாமல் போகக்கூடும். பேசுபவரிடம் எதற்காகப் பதிவுசெய்கிறீர்கள், யார் கேட்பார்கள், பெயர் வருமா, பின்னால் வேண்டாமென்றால் என்ன செய்யலாம் என்பதை அவருக்குப் புரியும் பேச்சுமொழியில் சொல்லுங்கள். அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு இந்தக் கடமை முடிந்துவிடாது.

முதல் இரண்டு நேர்காணலைச் சோதனையாக வையுங்கள். “அந்தக் காலத்தில் கஷ்டம்தானே?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் வரும். “ஏன் அப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டால் நியாயப்படுத்தல் வரும். “அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்” என்று கேட்டால் செய்தி வரும். அவர் பேச்சை நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். பத்து நொடி பொறுங்கள்.

பதிவின் தொடக்கத்தில் நாளையும் பேசுபவரின் குறியீட்டு எண்ணையும் நீங்களே சொல்லுங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் வேறு கோப்பில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரம் வீதம் 20 நேர்காணல் என்றால் 30 மணி நேரப் பதிவு, 120 முதல் 180 மணி நேர வேலை. தானியங்கிக் கருவி உதவும், ஆனால் வட்டார வழக்கில் அது பிசகும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் கையிலேயே இருக்கிறது. ‘வந்தாக’ என்று கேட்பதை விரல் தானாக ‘வந்தார்கள்’ என்று அடித்துவிடும். பேச்சை எழுத்துத் தமிழாக்கினால் வயது, வட்டாரம், மரியாதை, கேலி எல்லாம் அதோடு போய்விடும். ஒலிப்பை எவ்வளவு காட்டுவது, தயக்கத்தையும் சிரிப்பையும் எப்படிக் குறிப்பது என்று அரைப்பக்க விதி ஒன்றை எழுதிக்கொண்டு, எல்லாப் பதிவுக்கும் அதையே பின்பற்றுங்கள்.

எழுத்தாக்கியதைக் கருப்பொருள்வாரியாகக் குறியிடும்போது (எந்தப் பகுதி எதைப் பற்றியது என்று அடையாளமிடும்போது), மூன்று பக்கத்தை இரண்டு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல் மறுபடி குறியிடுங்கள். இரண்டும் பெரிதும் வேறுபட்டால் உங்கள் குறிகளுக்கு வரையறை போதவில்லை.

7. கோட்பாடு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உங்கள் வரைவிலிருந்து கோட்பாட்டாளரின் பெயரையும் அவரைப் பற்றிய பத்திகளையும் நீக்கிவிட்டுப் படியுங்கள். பகுப்பாய்வு அப்படியே நின்றால் அந்தக் கோட்பாடு அங்கே வேலை எதுவும் செய்யவில்லை என்று பொருள். எடுத்துவிடுங்கள்.

8. மேற்கோள் முறையும் தமிழின் தனித் தொல்லைகளும்

எந்த முறை என்பதை நெறியாளரிடம் கேட்டு முதல் மாதமே முடிவுசெய்யுங்கள். நவீன மொழிச் சங்கத்தின் (எம்.எல்.ஏ.) முறை என்றால் அதன் கையேட்டின் 2021இல் வந்த 9ஆம் பதிப்பு, சிகாகோ முறை என்றால் அதன் கையேட்டின் 2024இல் வந்த 18ஆம் பதிப்பு. பழைய பதிப்பை ஒட்டிய வழிகாட்டிகள் இணையத்தில் இன்னும் நிறைய உண்டு.

நூல் விவரங்களைச் சேமித்து மேற்கோள் அமைக்கும் ஜோட்டெரோ செயலி இலவசம், போதுமானது. ஆனால் அது பெயரைக் குடும்பப்பெயர், இயற்பெயர் என்று இரண்டாகப் பிரிக்கும். முதலெழுத்தோடு வரும் தமிழ்ப் பெயருக்கு அது பொருந்தாது. பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள பொத்தானால் ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றி, ‘பெயர், முதலெழுத்து’ என்று நீங்களே இடுங்கள். இதைத் தொடக்கத்திலேயே செய்யாவிட்டால் 300 பதிவையும் ஒவ்வொன்றாகத் திருத்த நேரும்.

துணைநூற்பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது கவனியுங்கள். யூனிகோடின் குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு அல்ல. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்துக்குப் பிறகும், ஜகரம் சகரத்தை அடுத்தும் வரும். மொழி அறியாமல் குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவியில் வரிசை குலையும். இறுதிப் படியைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

9. எழுதத் தொடங்குவதும் சோதித்துப் பார்ப்பதும்

தரவு முழுவதும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு சான்றை மையமாக வைத்து 500 சொல் எழுதுங்கள். நெறியாளரிடம் கொடுக்கும்போது “பார்த்துச் சொல்லுங்கள் ஐயா” என்று மட்டும் சொன்னால் எழுத்துப்பிழைதான் திருத்தப்பட்டு வரும். “மூன்றாம் பத்தியில் இந்தச் சான்று இந்த முடிவைத் தாங்குகிறதா?” என்று கேட்டால் அதற்கு விடை வரும். உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் சான்றுகளுக்கு ஒரு தனிக் கோப்பு வைத்து, அதையும் அவரிடம் காட்டுங்கள். வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் அந்தக் கோப்பிலிருந்துதான் கேள்வி வரும்.

ஆறாம் மாத முடிவில் ஒரு நண்பரை உட்காரவையுங்கள். உங்கள் வரைவில் ஏதாவது பத்து அடிக்குறிப்பை அவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடத்துக்குள் மூலத்தின் படத்தையோ பக்கத்தையோ ஒலிப்பதிவின் அந்த நொடியையோ நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டும். எட்டுக்குக் கீழே போனால் புதிய தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டு, தவறியவை எங்கே அறுந்தன என்று பாருங்கள்: பக்க எண் எழுதாததாலா, கோப்புக்குப் பெயரிடாததாலா, வேறொருவர் காட்டிய மேற்கோளை மூலம் பார்க்காமல் எடுத்ததாலா? முதல் இரண்டையும் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். மூன்றாவது என்றால் மூலத்தைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். அது கிடைக்காதவரை அடிக்குறிப்பில் ‘மேற்கோள்’ என்று குறித்து, அதைக் காட்டியவரின் நூலையும் பக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.